ஏரிக்குள் மனிதர்கள் கட்டிய தீவு: அதன் வயதை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் குறைத்து எண்ணியது எப்படி?

ஸ்காட்லாந்தின் வடமேற்கே, அட்லாண்டிக் கடலில் லூயிஸ் என்றொரு தீவு இருக்கிறது. மரங்கள் குறைவு, காற்று அதிகம், திரும்பின பக்கமெல்லாம் சின்னச் சின்ன ஏரிகள். 2012-ல் அங்குள்ள ஆர்னிஷ் என்ற ஏரிக்குள் உள்ளூர்க்காரர் ஒருவர் இறங்கினார். பிரிட்டிஷ் கடற்படையில் முக்குளிப்பாளராக இருந்தவர் அவர். ஏரி நடுவே ஒரு சிறிய கல் திட்டு. அதைச் சுற்றித் தண்ணீருக்கு அடியில் மண்பானைகள் கிடந்தன. எல்லாமே உடைந்த ஓடுகள் இல்லை. சில பானைகள் கிட்டத்தட்ட முழுசாகவே இருந்தன.

அந்தப் பானைகள் 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. ஆனால் அந்த மாதிரி கல் திட்டுகளுக்கு அதுவரை சொல்லப்பட்டு வந்த வயதோ சுமார் 2,800 ஆண்டுகள்தான்.

ஐந்து, பத்து ஆண்டு வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் எப்படிக் கணக்கு தவறும்? அந்தத் தீவுகளை யாரும் பார்க்காமல் இல்லை. வரைபடத்தில் இருந்தன, பட்டியலிலும் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் தேதியைத்தான் யாரும் சோதிக்கவில்லை.

இந்தத் தீவுகள் என்ன, தண்ணீருக்குள் இருப்பதை எப்படி அளக்கிறார்கள், தேதி எப்படி மாறியது, இனி என்ன ஆபத்து என்று பார்ப்போம்.

கிரானாக் என்றால் என்ன?

ஏரியில் மனிதர்களே உருவாக்கிய சிறிய தீவுக்கு ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் 'கிரானாக்' என்று பெயர். ஐரிஷ் மொழியில் 'கிரான்' என்றால் மரம். பெயரிலேயே மரம் இருந்தாலும், எல்லாக் கிரானாக்கும் மரத்தால் ஆனதில்லை.

மரம் நிறைய கிடைத்த இடங்களில், ஏரியின் அடியில் கட்டைகளை ஊன்றி, மேலே மேடை அமைத்து, அதில் வீடு கட்டினார்கள். சில இடங்களில் சுள்ளி, மரக்கட்டை, கல், மண் என்று அடுக்கடுக்காகக் கொட்டித் திட்டை உயர்த்தினார்கள். லூயிஸ் போன்ற இடங்களில் இன்று கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் கல் குவியல். கரையிலிருந்து தீவுக்குப் போகக் கல்பாதை போட்ட இடங்களும் உண்டு.

மணிப்பூரின் லோக்டக் ஏரியில் இருக்கும் மிதக்கும் தீவுகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை தாவரமும் மண்ணும் சேர்ந்து இயற்கையாக உருவாகி மிதப்பவை. கிரானாக் மிதக்காது. ஏரியின் தரையில் அழுத்தமாக உட்கார்ந்திருக்கும் கட்டுமானம் அது.

ஸ்காட்லாந்தில் இதுவரை பதிவான கிரானாக்குகள் சுமார் 570. அயர்லாந்தில் ஆயிரத்துக்கும் மேல். வேல்ஸில் உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. லாங்கோர்ஸ் ஏரியில் இருக்கிறது.

பழைய கணக்கு என்ன சொன்னது?

ஸ்காட்லாந்துக் கிரானாக்குகள் இரும்புக்காலத்தில், அதாவது கி.மு. 800 வாக்கில் கட்டத் தொடங்கப்பட்டவை. மத்திய காலம் வரை, சில இடங்களில் அதற்குப் பிறகும் பயன்பாட்டில் இருந்தவை. பாடப்புத்தகக் கணக்கு இதுதான்.

இந்தக் கணக்குக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. டே என்ற ஏரியில் 1979-ல் நடந்த நீரடி ஆய்வில் 18 கிரானாக்குகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் ஓக்பேங்க் என்ற ஒன்றை 1980 முதல் நிக்கோலஸ் டிக்சன் தலைமையிலான குழு அகழ்ந்தது. வெண்ணெய் ஒட்டியிருந்த மரப் பாத்திரம், துணித் துண்டு, கால்நடைச் சாணம் என்று சாதாரணமாக மண்ணில் மிஞ்சாத பொருட்கள் அங்கே கிடைத்தன. எல்லாம் சுமார் 2,500 ஆண்டுகள் பழையவை. இரும்புக்காலம் என்ற முடிவுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

பொருந்தாத ஒன்றும் இருந்தது. லூயிஸுக்குத் தெற்கே நார்த் யூயிஸ்ட் என்ற தீவில், ஓலாவட் ஏரிக்குள் எய்லியன் டோம்னில் என்றொரு திட்டு. 1980களின் பின்பகுதியில் இயன் ஆர்மிட் அங்கே அகழாய்வு செய்தபோது கிடைத்தது இரும்புக்காலம் இல்லை, புதிய கற்காலம். உலோகமே புழக்கத்துக்கு வராத காலம்.

அப்போதே மற்றத் தீவுகளையும் திரும்பச் சோதித்திருக்கலாம். நடக்கவில்லை. அந்த ஒரு இடம் 'விதிவிலக்கு' என்று ஒதுக்கப்பட்டது. அடுத்த பானை கிடைக்கக் கால் நூற்றாண்டு ஆனது.

காலியான கட்டம் என்ன சொல்லும்?

570 தீவுகளையும் ஒரு எக்செல் பட்டியலாக நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஏரியின் பெயர், இடம், அளவு இருக்கிறது. கடைசியில் 'தேதி' என்று ஒரு பத்தி. ஆய்வகத்தில் முறையாகத் தேதி கணிக்கப்பட்டவை அதில் சுமார் 10 சதவீதம்தான். அதாவது ஏறத்தாழ 57 வரிகளில் எண் இருக்கிறது. 510-க்கும் மேற்பட்ட வரிகள் காலி.

தரவுகளோடு வேலை செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் நல்ல பழக்கம். காலியான கட்டத்துக்கு 'தெரியாது' என்பதுதான் பொருள். ஆனால் பட்டியலைப் படிப்பவர்கள், நிரம்பிய கட்டங்களில் எது அதிகமோ அதையே காலியான கட்டங்களுக்கும் மனசுக்குள் நிரப்பிவிடுகிறார்கள். கிரானாக் என்றால் இரும்புக்காலம் என்ற எண்ணம் வலுத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த சுற்றில் இது இன்னும் இறுகும். இரும்புக்காலம் என்று நினைத்த இடத்தில் கற்காலப் பானையை யாரும் தேடப் போவதில்லை. தேடாததால் கிடைக்காது. கிடைக்காததால் பழைய கணக்கே சரி என்று ஆகிவிடும்.

சரி, தண்ணீருக்குள் இருப்பதை எப்படி அளக்கிறார்கள்?

ஆர்னிஷில் பானைகள் கிடைத்த பிறகு, லூயிஸின் ஸ்டோர்னோவே நகர அருங்காட்சியக ஊழியர் ஒருவரும் அந்த முக்குளிப்பாளரோடு சேர்ந்துகொண்டார். மற்ற ஏரிகளிலும் தேடினார்கள். போர்கஸ்டாய்ல், லங்காவட் உட்பட மொத்தம் ஐந்து திட்டுகளைச் சுற்றிப் புதிய கற்காலப் பானைகள் இருப்பது தெரியவந்தது. 2016, 2017-ல் ரெடிங் பல்கலைக்கழகத்தின் டங்கன் காரோ, சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ஃப்ரேஸர் ஸ்டர்ட் ஆகியோரின் குழு அங்கே முறையான ஆய்வில் இறங்கியது.

இப்படிப்பட்ட ஆய்வு பொதுவாகச் சில படிகளாக நடக்கும்.

முதல் படி, மேலிருந்து பார்ப்பது. பழைய வரைபடங்கள், விமானப் படங்கள், செயற்கைக்கோள் படங்களில் சந்தேகத்துக்குரிய திட்டுகளைக் குறித்துக்கொள்வார்கள். ஓரளவு வட்டமான வடிவம், கரையோடு இணைக்கும் கல் வரிசை, பக்கத்தில் வேறு பாறையே இல்லாத இடத்தில் தனியாக ஒரு கல் குவியல் போன்றவை 'இது மனிதக் கைவேலையோ' என்று கேட்க வைக்கும் அடையாளங்கள்.

இரண்டாவது, ஏரியின் ஆழத்தை அளப்பது. படகிலிருந்து சோனார் கருவி ஒலி அலைகளைக் கீழே அனுப்பும். எதிரொலி திரும்பி வரும் நேரத்தை வைத்து அடித்தளத்தின் மேடுபள்ளம் வரையப்படும். தண்ணீருக்கு மேலே சின்னதாகத் தெரியும் திட்டு, அடியில் எவ்வளவு அகலமாகப் பரந்திருக்கிறது என்பது இதில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஆள் இறங்குவது. கயிறு கட்டி, வரிசை வரிசையாக நீந்தி, பானையோ மரக்கட்டையோ கண்ணில் பட்டால் எடுக்காமல் முதலில் இடத்தைப் பதிவு செய்வார்கள். இதில் அவசரப்பட்டால் எல்லாம் போச்சு. பானை எங்கே கிடந்தது, எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்ற விவரம் இல்லாவிட்டால் அது வெறும் பழைய பானைதான்.

நான்காவது, போட்டோகிராமெட்ரி. ஒரே இடத்தைப் பல கோணங்களில், ஒன்றின் மேல் ஒன்று படிவது மாதிரி நூற்றுக்கணக்கில் படம் எடுப்பார்கள். எல்லாப் படங்களிலும் பொதுவாக இருக்கும் புள்ளிகளை மென்பொருள் கண்டுபிடித்து முப்பரிமாண மாதிரியை உருவாக்கும். சென்டிமீட்டர் துல்லியமுள்ள ஜிபிஎஸ் குறிகளோடு அதை இணைத்தால், ஒவ்வொரு கல்லின் இடத்தையும் கணினியிலேயே அளக்கலாம்.

ஐந்தாவது, ஏரி அடியின் சேற்றில் நீண்ட குழாயை இறக்கி மாதிரி எடுப்பது. சேறு ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காகப் படிந்தது. ஒவ்வொரு அடுக்கிலும் அந்தக் காலத்து மகரந்தம் இருக்கும். லூயிஸில் இன்று காடே இல்லை என்று சொல்லலாம். முன்பு பிர்ச், ஹேசல் மரங்கள் இருந்தன என்பது இப்படிப்பட்ட மகரந்தத்தால்தான் தெரியும்.

கடைசியாகத்தான் தோண்டுவது. அதுவும் சின்னக் குழியாக. தோண்டிய இடத்தைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது என்பதால், மற்ற எல்லா வழியும் முடிந்த பிறகே கை வைப்பார்கள்.

முழங்கால் தண்ணீர்தான் பெரிய தலைவலி

ஆழம் அதிகமானால் வேலை கடினம் என்றுதான் நமக்குத் தோன்றும். இங்கே நிலைமை தலைகீழ். கரைக்கும் ஆழத்துக்கும் நடுவே இருக்கும், ஒரு மீட்டருக்கும் குறைவான தண்ணீர்தான் ரொம்பப் படுத்தும்.

நிலத்தை அளக்கும் கருவி தண்ணீர் ஓரத்தோடு நின்றுவிடும். சோனார் படகு அந்த ஆழத்துக்குள் வரவே முடியாது. டிரோனில் படம் எடுத்தால், நீர்ப்பரப்பில் ஒளி வளைவதால் கல் இருக்கும் இடம் தவறாகத் தெரியும். தண்ணீருக்குள் கேமராவைப் பிடித்தால் அலை ஆட்டும், பாசி மறைக்கும், வெயில் விழும்போது ஒளிக்கோடுகள் நெளியும். போதாக்குறைக்கு, கரி மண் கலந்த ஏரித் தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் இருக்கும்.

ஆனால் கிரானாக்கின் விளிம்பும், பானைகள் விழுந்த இடமும் பெரும்பாலும் இந்த ஆழத்தில்தான். இதை விட்டால், தண்ணீருக்கு மேலே ஒரு வரைபடம், கீழே ஒரு வரைபடம், நடுவே ஒரு வெற்று வளையம் என்றுதான் மிஞ்சும்.

இதற்கு ஒரு வழி, இரண்டு சிறிய கேமராக்களை ஒரே சட்டத்தில், நடுவே தெரிந்த இடைவெளி விட்டுப் பொருத்துவது. நம் இரண்டு கண்களும் தூரத்தைக் கணிக்கும் அதே கணக்குதான். இடைவெளி எவ்வளவு என்று முன்பே தெரிவதால், அளவு பெரிதாகப் பிசகாது. முக்குளிப்பாளர் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு திட்டைச் சுற்றி மெதுவாக நீந்துவார். மேலிருந்து எடுத்த டிரோன் மாதிரியையும் கீழிருந்து எடுத்த இந்த மாதிரியையும் பிறகு ஒன்றாகத் தைத்துவிடலாம்.

தேதி எப்படிக் கிடைக்கிறது?

பானைகள் கற்காலத்தவை என்பதால் தீவும் கற்காலத்தது ஆகிவிடுமா? ஆகாது. கற்காலத்தில் யாரோ அங்கே பானை போட்டிருக்கலாம். தீவைப் பின்னால் வந்தவர்கள் கட்டியிருக்கலாம். அதனால் கட்டுமானத்தில் இருந்த மரத்தையே சோதிக்க வேண்டும்.

மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். அதில் மிகச் சிறிய பங்கு, கார்பன்-14 என்ற கதிரியக்க வகை. வெட்டிய பிறகு அது குறைய ஆரம்பிக்கும். சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் மரத்தின் வயதைக் கணிக்கலாம்.

இதிலும் சிக்கல் உண்டு. காற்றில் கார்பன்-14 அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. குறிப்பாக கி.மு. 800 முதல் 400 வரையிலான காலத்தில், கணக்குக்குப் பயன்படும் வளைகோடு கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கிறது. அந்த 400 ஆண்டுகளில் எப்போது வெட்டிய மரமாக இருந்தாலும் விடை ஒரே மாதிரிதான் வரும். ஓக்பேங்க் போன்ற இரும்புக்காலத் தீவுகளின் காலத்தைத் துல்லியமாகப் பிரிக்க முடியாமல் ஆய்வாளர்கள் திணறியதற்கு இதுவும் காரணம்.

மர வளையங்கள் தெளிவாகக் கிடைத்தால் கதையே வேறு. வேல்ஸின் லாங்கோர்ஸ் கிரானாக்கில் கிடைத்த ஓக் மரங்கள் கி.பி. 889 முதல் 893 வரை வெட்டப்பட்டவை என்று வளையத்தை எண்ணியே சொல்லிவிட்டார்கள். கி.பி. 916-ல் அந்த இடம் தாக்கி அழிக்கப்பட்டதாகப் பழைய ஆங்கிலக் குறிப்பு சொல்கிறது. ஆக, அந்தத் தீவின் ஆயுள் ஒரு தலைமுறைதான். ஆனால் இந்த முறைக்குப் போதுமான வளையங்களும், அந்தப் பகுதிக்கான ஒப்பீட்டு வரிசையும் இருக்க வேண்டும்.

லூயிஸ் தீவுகளுக்கு கார்பன் முறையில் கிடைத்த தேதிகள் கி.மு. 3640-க்கும் 3360-க்கும் இடையே வந்தன. இந்த 280 ஆண்டுகளும் கட்டுமானம் நடந்தது என்று இதைப் படிக்கக் கூடாது. அந்த இடைவெளிக்குள் எப்போதோ என்பதுதான் பொருள்.

அப்படின்னா எவ்வளவு பழசு? இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் பெரிய கற்கள் நிறுத்தப்பட்டது கி.மு. 2500 வாக்கில். ஹரப்பா நாகரிகத்தின் நகரங்கள் செழிக்கத் தொடங்கியது கி.மு. 2600 வாக்கில். இரண்டுக்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே லூயிஸில் சிலர் ஏரிக்குள் தீவு கட்டி முடித்திருந்தார்கள். 2019-ல் 'ஆன்டிக்விட்டி' ஆய்விதழில் இந்த முடிவுகள் வெளியாயின.

எதற்காகக் கட்டினார்கள்?

தீவுகள் பெரியவை இல்லை. ஆனால் சில கற்களின் எடை 250 கிலோ வரை. இயந்திரமோ உலோகக் கருவியோ இல்லாத காலத்தில் அவற்றைத் தண்ணீருக்குள் கொண்டுபோய்க் குவிப்பது ஒரு குடும்பத்தால் ஆகிற வேலை இல்லை. பலர் கூடி, திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டும்.

பானைகள் இன்னொரு தடயம். பலவற்றின் வெளியே அடுப்புக்கரி, உள்ளே உணவு ஒட்டிய கறை. அதாவது சமைத்த பானைகள். அவை பெரிதாகச் சேதமாகாமல் தீவைச் சுற்றி நீரில் கிடப்பதைப் பார்த்தால், கைதவறி விழுந்ததாகத் தெரியவில்லை; வேண்டுமென்றே நீரில் இட்டிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். விருந்து, சடங்கு, நீத்தார் தொடர்பான நிகழ்வு என்று பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. அதே சமயம், எய்லியன் டோம்னிலில் வீடுகள் இருந்ததற்கான தடயம் உண்டு. ஆகவே எல்லாத் தீவுக்கும் ஒரே பயன் என்று சொல்ல முடியாது.

அந்தப் பானைகளில் என்ன சமைத்தார்கள் என்பதும் ஓரளவு தெரியும். லூயிஸ் கிரானாக் பானைகளில் ஊறியிருந்த கொழுப்புத் தடயங்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2022-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்தது. அதில் கோதுமையின் தடயமும் பாலின் தடயமும் சேர்ந்தே கிடைத்தன. நம் பாஷையில் சொன்னால் பால் கஞ்சி. பானைச் சுவரில் இந்தத் தடயம் தப்பியதற்குக் குளிர்ந்த, ஆக்சிஜன் குறைந்த ஏரி அடிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். கரையில் கிடந்திருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது.

அப்போ எல்லாக் கிரானாக்கும் கற்காலமா?

இல்லை. இங்கேதான் கவனம் தேவை.

இந்த ஐந்து தீவுகளும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தவை அல்ல. பானை கண்ணில் பட்ட இடங்கள். அவற்றை வைத்துக்கொண்டு '570-ல் இத்தனை சதவீதம் கற்காலம்' என்று கணக்குப் போட்டால், பழைய தவறை வேறு திசையில் திரும்பச் செய்கிறோம் என்று பொருள். ஓக்பேங்க் இரும்புக்காலம்தான், லாங்கோர்ஸ் மத்திய காலம்தான். ஒரே தீவைப் பல காலத்து மக்கள் மறுபடி மறுபடி பயன்படுத்தியதும் உண்டு. மேலே இருக்கும் கல் ஒரு காலத்தது, அடியில் இருக்கும் மரம் இன்னொரு காலத்தது என்று இருக்கலாம்.

மாறியது ஒன்றுதான். 'தேதி தெரியாத தீவு' என்றால் இனி அது உண்மையிலேயே தேதி தெரியாத தீவு. அதற்கு இரும்புக்காலம் என்று தானாகப் பெயர் வைக்க முடியாது.

ஏன் இப்போதே அளக்க வேண்டும்?

மரம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மிஞ்சுவது தண்ணீருக்குள் இருக்கும்வரைதான். காற்று பட்டால் பூஞ்சையும் பாக்டீரியாவும் வேலையைத் தொடங்கிவிடும். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்தில் பல ஏரிகளை வடித்து விவசாய நிலமாக்கினார்கள். அங்கிருந்த கிரானாக்குகள் தண்ணீர் இல்லாமல் காய்ந்தன. ஏரிகளில் நீர்மட்டம் ஏறி இறங்குவது, அலை அரிப்பு, நாணல் வேர், படகு நங்கூரம் என்று இன்றும் ஆபத்துகள் இருக்கின்றன. வறட்சியில் நீர் இறங்கி, கட்டை வெளியே தெரிந்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்தக் கட்டைக்கு அது நல்லதில்லை.

எதைக் காப்பாற்றுவது என்ற முடிவும் பட்டியலைப் பொறுத்ததுதான். பிரிட்டனில் 1979-ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டப்படி பட்டியலிடப்பட்ட இடத்தில் அனுமதி இல்லாமல் வேலை செய்ய முடியாது. ஆனால் ஒரு இடத்தைப் பட்டியலில் சேர்க்க, அங்கே என்ன இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். தெரியாத தீவுக்காக யார் வாதாடுவார்கள்?

டே ஏரியில் ஓக்பேங்க் ஆய்வை வைத்து, பார்வையாளர்களுக்காக ஒரு கிரானாக்கை மறுபடி கட்டியிருந்தார்கள். 2021 ஜூனில் அது தீயில் எரிந்துபோனது. அந்த மையம் 2024-ல் வேறு இடத்தில் திரும்பத் திறக்கப்பட்டது. அது நகல் என்பதால் மறுபடி கட்ட முடியும். அளவுகளும் வரைபடங்களும் கையில் இருந்தன.

ஏரி அடியில் இருக்கும் அசலுக்கு அந்த வசதி இல்லை. தேதி எடுக்காத 500-க்கும் மேற்பட்ட தீவுகளில் ஒன்று காய்ந்து மட்கிப் போனால், பட்டியலில் அதன் பெயர் இருக்கும், இடம் இருக்கும். தேதிக் கட்டம் மட்டும் காலியாகவே இருந்துவிடும்.